தூங்குமூஞ்சி மரத்து நிறுத்தம்

அப்பா, இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். நீங்கள் போய் ஒரு வருடமாகிறது, யாரிடம் காட்டப்போகிறீர்கள். ஆனாலும் பயமாக இருக்கிறது. கோவையில் அத்தை வீட்டில், உங்கள் லாரித் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு எழுதுகிறேன். எத்தனை முறை துவைத்தும் அதில் தேங்காய் நார் வாசம் போகவில்லை.

அம்மா உடுமலையிலிருந்து கடைசி பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார், என்னைக் கூட்டிப்போக. போனால் ப்ளஸ் ஒன் அவ்வளவுதான்.

சின்ன வயதில் ஒருமுறை லோடு இறக்க வந்தபோது என்னையும் முன்சீட்டில் உட்காரவைத்து இந்த ஊரைக் காட்டினீர்கள். அவிநாசி ரோட்டில் வரிசையாக மரங்கள். "அத்தை ஊட்டுக்கு அந்தப் பெரிய தூங்குமூஞ்சி மரத்துல எறங்கோணும் கண்ணு. போர்டை நம்பாத, மாத்திப்போடுவாங்க. மரம் எங்க போகப்போகுது?"

அதற்குப் பிறகு நேற்றுத்தான் வந்தேன். இன்று காலை மாமா பைக்கில் மேம்பாலத்தின் மேலேயே கொண்டுபோய்ப் பள்ளியில் விட்டார். கண்ணாடிக் கட்டடங்களும் வானமும்தான் தெரிந்தன. "சாயங்காலம் எறங்கற எடம் தெரியுமா?" என்று அத்தை கிளம்பும்போதே கேட்டிருந்தார். "அப்பா காட்டியிருக்காருங்க" என்றேன், பெருமையாக.

மாலையில் பஸ் பாலத்துக்கு அடியில் போனது. வெயிலே இல்லை. இரண்டு பக்கமும் தேடினேன். கடைசியில் கண்டக்டரிடம் கேட்டேன்.

"அதை எப்பவோ வெட்டிப்போட்டாங்களே அம்மணி. நாலு ஸ்டாப் தாண்டி வந்துட்டீங்க. மரத்தத் தேடி பஸ் ஏறுனது நீங்க ஒருத்தருதானுங்க."

பஸ்ஸே சிரித்தது.

இறங்கித் திரும்பி நடந்தேன். ஒரே மாதிரித் தூண்கள். நடக்கிறேனா, நின்ற இடத்திலேயே நிற்கிறேனா என்றுகூடச் சந்தேகம் வந்தது. இருட்டியதும் அழுதுவிட்டேன். முதுகில் சாப்பாட்டுப் பெட்டியோடு ஓர் அண்ணன் பைக்கை நிறுத்தினார்.

"எங்க போகோணுங்க?"

"தூங்குமூஞ்சி மரம் இருந்த எடத்துக்குங்க."

"மரத்தச் சொன்னா மேப்புல வராதுங்க. தெருப் பேரச் சொல்லுங்க."

தெருப் பேரைச் சொன்னேன். ஆனால் வண்டியில் ஏறமாட்டேன் என்றேன். அவர் அதை உருட்டிக்கொண்டே தெருமுனைவரை கூட நடந்துவந்தார். மாடியிலிருந்து அத்தை பார்த்துவிட்டார்.

"யாரவன்? ஏன் இத்தன நேரம்?"

"தெரியாதுங்க. ஸ்பெஷல் கிளாஸுங்க."

பயத்தில் இரண்டையும் சேர்த்துச் சொன்னேன். அத்தை டீச்சருக்குப் போன் செய்தார். கிளாஸ் எதுவும் இல்லை என்று தெரிந்துவிட்டது. அடுத்த போன் அம்மாவுக்கு.

வழி தவறினேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் தவறினாய் என்று கேட்பார்களே, அப்பா. உங்களைச் சொல்லவேண்டி வரும். "செத்தும் புள்ளையத் தெருவுல நிறுத்திப்போட்டான்" என்று யாராவது சொன்னால் நான் எப்படிக் கேட்டுக்கொண்டு நிற்பேன்? நீங்கள் தப்பாகச் சொல்லவில்லை. நீங்கள் காட்டியபோது மரம் இருந்தது. கண்ணை மூடினால் எனக்கு இப்போதும் அந்த ரோடுதான் வருகிறது, நிழலும் லாரிச் சத்தமுமாக.

ஆனால் சொல்லாவிட்டால் பள்ளி போய்விடும்.

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாவின் குரல். என் பேரைத்தான் சொல்கிறார். சொல்லிவிடுகிறேன் அப்பா, கோபப்படாதீர்கள், நீங்கள்தான் அந்த மரத்தை—