நிறுக்காத பிள்ளை

ஒகஸ்ற் 8, வெள்ளி

இன்றும் அம்மா என்னை எழும்பி நிற்கச் சொன்னார். தேவாலய மண்டபத்தில் குழந்தைகளை நிறுக்கிற நாள். அம்மா இந்தப் பகுதி மிட்வைஃப். விடுமுறையென்றால் உதவிக்கு நான்தான். ஒரு தாய் பால் போதவில்லை என்று மெல்லச் சொன்னாள். உடனே அம்மா, "இவளைப் பாருங்கோ. ரெண்டாயிரத்தொன்பது சண்டையிலை, பங்கருக்குள்ளை, ஒருநேரக் கஞ்சியோடை இவளுக்குப் பால் குடுத்தனான். எனக்கு வந்தது. உங்களுக்கேன் வராது?" என்றார். எல்லாரும் என் கன்னத்தைப் பார்த்தார்கள். அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

நேற்று எங்கள் ஜெனிற்றா அக்கா பிள்ளையோடு ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்துவிட்டாள். பெண் குழந்தை. பிறந்தபோது இரண்டு கிலோ எண்ணூறு. பிறேம் அத்தான் கட்டாரிலிருந்து வீடியோவில் பார்த்து அழுதார்.

ஒகஸ்ற் 11

பிள்ளை அழுவதில்லை. "தங்கமான பிள்ளை, அழவே தெரியாது" என்று அம்மாவுக்குச் சந்தோசம். முதலில் தொண்டை கிழியக் கத்தியதே? இப்போது இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு அப்படியே கண்ணை மூடிவிடுகிறது. நித்திரையா அது?

பால் ஊறட்டுமென்று அக்காவின் தட்டில் பால்சுறா வறை, உள்ளி, முருங்கையிலை. எல்லாவற்றையும் விழுங்குகிறாள். மார்பில் ஒரு மாற்றமும் இல்லையாம். எனக்கு மட்டும் சொன்னாள்.

ஒகஸ்ற் 12

பிள்ளை நனைக்கிற துணி தோய்ப்பது என் வேலை. இன்று தோய்க்க ஒன்றும் இல்லாத மாதிரி.

ஒகஸ்ற் 13

எல்லாரும் படுத்துவிட்டார்கள். போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா இதைக் கண்டால் —

சாப்பிடும்போது அக்கா கேட்டேவிட்டாள். "அம்மா, ஒருக்கா மாப்பால் கரைச்சுக் குடுத்துப் பாப்பமே?"

"பால்மாப் பேணி இந்த வீட்டுப் படலையைத் தாண்டாது. குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். மனசை விடாதை."

"ஒருக்கா நிறுத்தாவது பாருங்கோவன்."

"வீட்டுப் பிள்ளையை நிறுக்கிறதோ? ஊர்ப் பிள்ளையளைப் பாத்த கண், எனக்குத் தெரியாதோ?" பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "உவள் வளரேல்லையோ?"

அக்கா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபித்திருந்தால் பரவாயில்லை. நான் அப்ப தப்பாமல் போயிருந்தால் அம்மா அக்காவை நம்பியிருப்பாவோ? கர்த்தரே, இப்படி எழுதினதை மன்னியும்.

பிள்ளையின் மூக்குக்குக் கிட்ட விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். மூச்சு இருக்கிறது.

ஒகஸ்ற் 15



காலையில் அம்மா கூட்டம் ஒன்றுக்குப் போனதும் அவருடைய தராசை எடுத்துக் கூரை வளையில் கொழுவினேன். அக்கா பிள்ளையைத் துணிப்பைக்குள் வைத்தாள். கால்கள் அப்படியே தொங்கின. முள் இரண்டு கிலோ முந்நூறில் நின்றது. இறக்கி, திரும்ப வைத்தோம். அதேதான். அக்கா நிலத்தில் குந்திவிட்டாள்.

யாரிடம் போவது? பக்கத்து வீட்டு உதயகலா அக்காவிடம் ஓடினேன். தன் பிள்ளைக்கு மாப்பால் கொடுத்ததற்காக அம்மா எல்லாருக்கும் முன்னால் ஏசி அழவைத்தது இவரைத்தான். அதற்குப் பிறகு எங்களோடு கதை பேச்சில்லை.

"மிட்வைஃப் வீட்டாக்களுக்கு என்னட்டை என்ன அலுவல்? மாப்பேணி கடன் வாங்கவோ?" என்று சிரித்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். பிள்ளையைக் கண்டதும் அவர் சிரிப்பு நின்றது. "ஐயோ, வாய் காஞ்சு கிடக்குது. இஞ்சாருங்கோ, ஓட்டோவை எடுங்கோ!" என்று வேலிக்கு மேலால் தன் புருசனைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்குச் சேலைன் ஏற்றினார்கள். மத்தியானம் அம்மா சீருடையோடு ஓடிவந்தார். டொக்டர் இளம் பெண். அம்மாவுக்கும் அக்காவுக்குமாகச் சொன்னார்: "பிள்ளைப்பேறிலை கன ரத்தம் போயிருக்கு. அதாலை சிலருக்குப் பால் பிந்தும், சிலருக்குக் குறையும். ஒருத்தற்றை பிழையுமில்லை. தாய்ப்பாலும் குடுங்கோ, காணாததுக்கு மாப்பால் குடுங்கோ."

அம்மா என்னிடம் திரும்பினார். அடிதான் என்று நினைத்தேன்.

"தராசை எதிலை கொழுவினனி?"

"வளையிலை."

"முள் பூச்சியத்திலை நிண்டதோ? பாத்தனியோ?"

"ஓம் அம்மா. ரெண்டுதரம்."

அம்மா அங்கிருந்த மர வாங்கில் அமர்ந்தார்.

ஒகஸ்ற் 17

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தாள். பின்னால் பிள்ளை கத்துகிற சத்தம். பசியாம்! அம்மா போனை என்னிடமிருந்து வாங்கி, காதோடு வைத்துக்கொண்டு நின்றார்.

செப்ரெம்பர் 12, வெள்ளி

பள்ளிக்கூடம் விட்டு நேரே மண்டபத்துக்குப் போனேன். நிறுக்கிற நாள். புதிதாய் வந்த ஒரு தாய், "பால் காணாது போலை கிடக்கு, மிஸ்" என்றாள். நான் பழக்கத்தில் எழும்பி நின்றுவிட்டேன்.

"நீ இரு பிள்ளை" என்றார் அம்மா.

ஆனால் கதையைத் தொடங்கினார். பங்கர், கஞ்சி, நான். இன்னும் அதேதானா?

"எனக்கு வந்தது," என்று சொல்லி அம்மா நிறுத்தினார். "எனக்குப் பக்கத்திலை இன்னொரு தாய் இருந்தவ. அவவும் அதே கஞ்சிதான் குடிச்சவ. அவவுக்கு வரேல்லை."

நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்தக் கதையைக் கேட்கிறேன். அந்தத் தாய் கதைக்குள் இன்றுதான் வந்தாள்.

அவளுடைய பிள்ளை என்னவானது என்று யாரும் கேட்கவில்லை. அம்மா தராசைக் கொழுவினார். முள்ளைப் பூச்சியத்துக்குத் திருப்பினார். பிறகு புதிய தாயிடம் இரண்டு கையையும் நீட்டினார்.

"பிள்ளையைத் தாரும். முதல் நிறுத்துப் பாப்பம்."