ஹபீபா வீட்டுக் கொப்பி

1985 ஏப்ரல் 16, செவ்வாய்

மழை. வாசலில் உருகாத பனி இன்னும் கறுப்பாக. செய்ய வேண்டியவை: நூலகப் புத்தகம் இரண்டு, பால், விசா நீடிப்புப் படிவம், ஹபீபாவுக்குப் பதில்.

அந்தப் பதிலைத்தான் எழுதவில்லை. கடிதம் வந்து பன்னிரண்டு நாள். தன் தங்கை ஸுஹராவுக்கு நோன்பு தொடங்குமுன் பிள்ளை பிறக்கும், கொப்பியை அனுப்பு என்கிறாள். அவர்கள் வீட்டில் யாருக்குப் பேறு நெருங்கினாலும் பெண்கள் கூடியிருந்து அதிலுள்ள பாட்டுகளை ஓதுவார்கள். வலி கண்டதும் கொப்பியைத் தலைமாட்டில் வைப்பார்கள். தமிழ்ப் பாட்டு, அரபு எழுத்தில். பழைய கையெழுத்து. ஒன்றாகப் படிப்பித்த சிநேகிதி என்று என்னை நம்பித் தந்தது. என் எம்.ஏ. ஆய்வு முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. இஸ்லாமியக் கற்கை படிக்கும் மட்டக்களப்புச் சைவப் பெண் என்று இங்கே எல்லோருக்கும் நான் ஒரு புதினம்.

அனுப்பலாமா என்று பேராசிரியரிடம் கேட்டேன். மே கடைசியில் பரீட்சகர்கள் அசலைப் பார்க்க வேண்டுமாம். தாள், மை எல்லாம். அது இல்லையென்றால் ஆய்வே நிற்காதாம்.

ஏப்ரல் 19, வெள்ளி

வெயில், ஆனால் குளிர். முழுவதையும் நகல் எடுத்து, நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு கடையில் கம்பிச்சுருள் போடக் கொடுத்தேன். அரபெழுத்து, வலப்பக்கம் கட்ட வேண்டும் என்று சொல்ல மறந்தேன். நானும் ஒரு அரபுப் பட்டதாரி. இடப்பக்கம் துளை போட்டுவிட்டான். வரி முடிவுகள் எல்லாம் துளையோடு போயின. பரவாயில்லை, அசல் இருக்கிறது.

ஏப்ரல் 24, புதன்

ஊரில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கலவரம். நான் அறை எடுத்திருக்கும் வீட்டுக்காரர் பரமண்ணைக்கு லண்டனிலிருந்து தொலைபேசியில் வந்த செய்தி.

ஹபீபா வீடு? தெரியாது. தந்தி போகுமா? தெரியாது.

ஒரே நினைப்புத்தான். தமிழச்சி கொப்பியை வைத்துக்கொண்டு தரவில்லை என்று அவளின் உம்மா இப்போது சொல்லிக்கொண்டிருப்பா.

ஏப்ரல் 25, வியாழன்

கொப்பியை அனுப்பிவிட்டேன். பதிவுத் தபால், விமானத்தில். பரமண்ணை மறித்துப் பார்த்தார்.

"இப்ப அனுப்பாதையும் தங்கச்சி. அங்க ஆர் கொண்டுபோய்க் குடுக்கிறது? படிப்புப் போனா விசாவும் போம்."

சரியான பேச்சுத்தான். கேட்டேனா? வெட்கம் பிடரியில் பிடித்துத் தள்ளியது. தபாற்கந்தோர்ப் பெண் முத்திரை குத்தி, பிரெஞ்சில் நன்றி, மெர்சி என்றாள்.

ஏப்ரல் 30, செவ்வாய்

பேரா.விடம் சொன்னேன். கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், நகலைப் புரட்டினார், துளைகளை விரலால் தொட்டுக் காட்டினார். பரீட்சை தள்ளிப்போகலாம், நடக்காமலும் போகலாம். பேசாமல் அகதிக் கேஸ் போடச் சொல்கிறார் பரமண்ணை. அவர்களின் கேஸே இன்னும் முடியவில்லை. பால் வாங்க மறந்தேன்.

மே 13, திங்கள்

ஹபீபாவின் கடிதம்! எல்லோரும் உயிரோடு. பொலன்னறுவையில் மாமி வீட்டில். ஊர் வீடு எரிந்துவிட்டது.

"கொப்பிய அனுப்பிப்போடாத புள்ள. உன்னட்ட இருந்ததால அது ஒண்டுதான் மிஞ்சினது. ஸுஹராவுக்கு நோன்புக்கு முந்தின கிழமை எண்டு சொல்றாங்க. நீ அங்க இருந்து ஓது."

நின்றபடியே மூன்று தரம் வாசித்தேன். பிறகு தபாற்கந்தோருக்கு ஓடினேன். பார்சல் எப்போதோ நாட்டை விட்டுப் போய்விட்டது. போய்ச் சேர வேண்டிய முகவரியில் வீடு இல்லை. மாண்டுபோகலாம் போல இருந்தது. அவளுக்கு என்னவென்று எழுதுவேன்?

நோன்புக்கு இன்னும் ஒரு கிழமைதான்.

மே 14, செவ்வாய்

மழை. பதில் எழுதிக் கிழித்தேன், இரண்டு தரம். முகம் கழுவி, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு குசினி மேசையில் நகலுடன் உட்கார்ந்தேன். இரண்டு வருடப் படிப்பு, ஒரு நாளும் வாய்விட்டு ஓதியதில்லை. துளை விழுந்த இடங்களை நினைவிலிருந்து சொன்னேன். பாதி சரியாக இருக்கும். கடைசிப் பாட்டின் முடிவு வரவேயில்லை. அதே வரியில் மூன்று தரம் நின்றேன்.

பரமண்ணையின் மனைவி ராணியக்கா, மூன்று பெற்றவ, வெங்காயம் வெட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தா. நிமிராமல் சொன்னா:

"ரெண்டுபேரும் சுகமா இருக்கட்டும் எண்டு முடியும், பிள்ளை."

அந்தப் பாட்டு அப்படி முடியாது. அப்படியே முடித்தேன்.