மக்சாத் குடித்த குமிஸ்

அன்பு மகள் கனிஷாய்க்கு, அப்பா சகிந்திக் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், பழுப்புக் குதிரைக்கு மட்டும் இருமல். கொரியாவில் நீயும் உன் தீப்பெட்டி அறையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். புளித்த முட்டைக்கோஸைத் தின்றே காலம் தள்ளாதே, ஆட்டுக்கறியும் வாங்கிச் சாப்பிடு.

சைக்கிள் கூட்டத்தோடு சோங்-கோல் ஏரிக்குப் போய்விட்டு நேற்றுத்தான் திரும்பினேன். வழக்கம்போல இறுக்கமான கால்சட்டையில் ஜெர்மன்காரர்கள், வழக்கம்போல அவர்கள் பின்னால் லாரியில் நான், முடியாமல் உட்கார்ந்தவர்களைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு. வழக்கத்துக்கு மாறாக, லீவில் வந்த உன் மக்சாத். அப்பா அவனோடு பழகிப் பார்த்துச் சம்மதம் சொல்லட்டும் என்று நீ அம்மாவிடம் போனில் குசுகுசுத்தது எனக்குத் தெரியாதென்று இரண்டு பேருக்கும் நினைப்பு. உள்ளதைச் சொல்கிறேன், பார்த்ததுமே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. பிஷ்கெக் நகரத்துப் பிள்ளை, கொரியாவில் வேலை, இவனைக் கட்டிக்கொண்டால் நீ ஊர்ப்பக்கமே வரமாட்டாய் என்று பயம். அதனால் மனதுக்குள் முடிவு செய்தேன், கணவாய் ஏறுகிற அன்று பயல் லாரியில் ஏறினால் பெண் கிடையாது.

அன்று காலையில் எல்லாருக்கும் முன்னால் பறந்தான். மேய்ச்சல்காரர்கள் முதல் கூடாரத்திலேயே குமிஸ் கிண்ணத்தோடு வழிமறித்தார்கள், புளித்துப் போதையேறிய குதிரைப்பால். ஜெர்மன்காரர்கள் உதட்டில் தொட்டுவிட்டு வயிற்றைத் தடவிக் காட்டித் தப்பித்தார்கள். இவன் நம் பிள்ளையாயிற்றே, மரியாதைக்குச் சொட்டு விடாமல் குடித்துக் கிண்ணத்தைக் காலியாக நீட்டினான். காலிக் கிண்ணத்தைப் பார்த்தால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா, மறுபடி நிரப்பினார்கள், மறுபடி மரியாதை. கொஞ்சம் மிச்சம் வைத்துக் கையால் மூடிக் காட்ட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் சொல்லவில்லை, லாரியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தேன். வழியில் இருந்த அத்தனை கூடாரத்திலும் இதே கதை, மதியத்துக்குள் ஐயா கடைசி ஆள்.

கணவாயின் முதல் வளைவில் சைக்கிள்தான் அவனை ஓட்டிக்கொண்டு போனது. தலையை நீட்டி, ஏறுடா தம்பி, உள்ள மெத்தையாட்டம் மாவு மூட்டை கெடக்கு, யாரும் பாக்கமாட்டாங்க என்று நைச்சியமாகக் கூப்பிட்டேன். வேணாம் மாமா, கனிஷாய் சொல்லித்தான் அனுப்பினா, லாரியில ஏறினா பொண்ணு இல்லன்னு எங்கப்பா நெனச்சிருப்பாரு, அவரு புத்தி அப்படித்தான்னு என்று பல்லைக் காட்டினான். பெற்ற அப்பனைப் பற்றிப் பேசுகிற பேச்சா இது? ஹாரனை அமுக்கிக் கோபத்தைத் தீர்த்துக்கொண்டேன். வாந்தி எடுத்தான், வாயைத் துடைத்தான், இறங்கித் தள்ளினான். அவன் பின்னாலேயே ஊர்ந்து வந்ததில் லாரிதான் முதலில் கொதித்து நின்றது. தள்ளாடிக்கொண்டே வந்து தன் பாட்டில் தண்ணீரையும் அதற்கே ஊற்றினான்.

உச்சியில் உன் ஜீபெக் அத்தையின் கூடாரம். ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, ஏண்ணே, மாப்பிள்ள பாத்தத மூடி வச்சிட்டியே, கீழேருந்து எல்லாரும் போன் பண்ணி வாழ்த்துறாங்க என்று கிண்ணத்தை நீட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னடா சொல்லிவச்ச என்று மக்சாத்தைப் பிடித்தேன். யாரு வீட்டுப் பிள்ளன்னு கேட்டாங்க, சகிந்திக் மாமா வீட்டு மாப்பிள்ளன்னேன், அதுக்கு ஒரு கிண்ணம். கல்யாணம் முடிஞ்சு அவளக் கூட்டிக்கிட்டு இங்கயே வந்துடுவேன்னேன், அதுக்கு இன்னொண்ணு, எப்படி மாமா வேணாங்கிறது என்றான். கண் கலங்கிவிட்டது மகளே. ரேடியேட்டர் ஆவி என்று சொல்லிச் சமாளித்தேன். இறக்கத்தில் இந்தக் கோலத்தில் சைக்கிள் விட்டால் பள்ளத்தில்தான் தேட வேண்டும் என்று நானே அவனைத் தூக்கி மாவு மூட்டைமேல் போட்டேன். ஏரி வரும்வரை குறட்டை.

அம்மா கம்பளிக் காலுறை பின்னியிருக்கிறாள், அவனிடமே கொடுத்தனுப்புகிறோம். பனியில் தலையை மூடாமல் திரியாதே. அல்லா உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல பசியும் தரட்டும். மறக்காமல் ஒன்று செய், மந்தை மலையிறங்கியதும் அவன் அம்மாவை உன் காதில் தோடு போட்டு நிச்சயம் செய்ய வரச்சொல். நீயும் லீவு சொல்லிவிட்டு வந்துசேர். காதுத் துளை தூர்ந்து போயிருந்தால் இப்போதே குத்திக்கொள்.

இப்படிக்கு,
ஒரு வார்த்தை கேட்காமல் மாமனாராக்கப்பட்ட உன் அப்பா,
சகிந்திக்