சின்ன வெங்காயத்துக்கு நம்பர் இல்லை

கார்த்திகை 12
காட்டில் ஓலை மூடிப் பட்டறை போட்டுச் சேமித்து வைத்திருந்த வெங்காயத்தை இன்று பிரித்தோம். என் மனைவி பொன்னாயி இருந்திருந்தால் சாயங்காலம் அவளிடம் சொல்லியிருப்பேன். ஆடியில் கண்ணை மூடிவிட்டாள். எனக்கு எழுத்து தெரியாது. "அத்தைகிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க மாமா, நான் எழுதுறேன்" என்கிறாள் மருமகள் கீதாஞ்சலி. சொல்கிறேன்.

கார்த்திகை 15
மகன் வீரமணி இந்த முறை மண்டிக்குப் போடவில்லை. ஊர்ச் சரக்கைச் சேர்த்து மலேசியாவுக்கு அனுப்புகிறான். கண்டெய்னர் நிறையவில்லையாம்.

"அம்மா விதையையும் ஏத்திடலாம்ப்பா. வெளிய வேற விதை வாங்கிக்கலாம்."

கல்யாணமாகி வந்தபோது அவள் மடியில் கட்டி வந்த வெங்காயம். ஒவ்வொரு போகமும் அதிலிருந்தே எடுத்து அதையே ஊன்றினோம். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மூட்டைகளை மட்டும் அவள் சேலைக் கிழிசலால் கட்டினேன்.

கார்த்திகை 23
தூத்துக்குடியில் நிறுத்திவிட்டார்கள். விலை ஏறிப்போனதால் வெங்காயம் வெளிநாடு போகக்கூடாதாம். எது எந்த நாட்டுக்குப் போகிறது என்று கணக்கு வைக்க, கப்பலேறும் பொருளுக்கெல்லாம் ஒரு நம்பர் உண்டாம்.

"வெல ஏறுனது பல்லாரி, பெரிய வெங்காயம்டா. நம்மளுது சின்ன வெங்காயம்ல?"

"நம்மளுதுக்குன்னு தனி நம்பர் இல்லப்பா. ரெண்டுக்கும் ஒண்ணுதான். அந்த நம்பரையே பூட்டிட்டாங்க."

"ஆட்டையும் மாட்டையும் ஒரே பட்டியிலயா அடைப்பாங்க?"



கார்த்திகை 29
இன்னும் திறக்கவில்லை. சிறுவாச்சூர் காளிக்கே திங்களும் வெள்ளியும்தான் நடை. டில்லிக்கு எந்தக் கிழமையோ.

மார்கழி 11
சரக்கு திரும்பி வந்தது. கதவைத் திறந்ததும் ஊரே மூக்கைப் பொத்தியது. வீரமணி உள்ளே ஏறி, சேலைத்துணி கட்டிய மூட்டைகளைத் தேடி இழுத்தான். அவிழ்த்து முழங்கை வரை விட்டுத் துழாவினான். ஒன்றாவது கெட்டியாக இருக்காதா என்று. கூழ். "அப்பா" என்றான்.

நான் ஏன் வாய மூடிக்கிட்டு நின்னேன்? ஒரு கூடை — ஒரே ஒரு கூடை எடுத்து வெச்சிருக்கக் கூடாதா?

மார்கழி 12
அவனும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

மார்கழி 15
விடியும்போது நினைவு வந்தது. பொன்னாயி தன் தங்கை பஞ்சவர்ணத்தைச் சிறுவாச்சூரில் கட்டிக்கொடுத்த அன்று இதே விதையில் ஒரு முறம் கொடுத்தனுப்பினாள். பஞ்சவர்ணம் பச்சைச் சேலை முந்தியில் வாங்கிக்கொண்டாள். இன்னும் அதைத்தான் ஊன்றுகிறார்கள். பஸ் ஏறிப் போனேன்.

"வெதையா மாமா? வீரமணி வந்து கேட்டுச்சே. அக்கா மவனாச்சேன்னு மொத்தத்தையும் அதே கண்டெய்னர்லதான் ஏத்தினோம். ஒங்களுக்குத் தெரியாதா?"

கொண்டுபோன மஞ்சப்பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன்.

சித்திரை 21
நம்பரைத் திறந்துவிட்டார்களாம். இனி வெங்காயம் கப்பலேறலாமாம். டீக்கடை டிவியில் கேட்டு வந்து வீரமணி சொன்னான். சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டான். வெங்காயம் ஊன்றுகிற துண்டு நிலத்தில் இப்போது மக்காச்சோளம் நிற்கிறது.

கீதாஞ்சலி பேனாவோடு உட்கார்ந்திருக்கிறாள்.

"அத்தைகிட்ட என்ன சொல்லட்டும் மாமா?"

மக்காச்சோளம் நல்லா இருக்குன்னு எழுதும்மா.