கதிரும் திராட்சையும் நெய்த சிவப்புப் பட்டு

மதினி,

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீங்கள் இருந்தபோது நான் பேசினால் அண்ணன் குறுக்கே வந்தான். இப்போது பேசினால் செத்தவளைத் தூற்றுகிறான் என்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை கோயிலுக்குப் போயிருந்தேன். பூசைக்கு அல்ல, என் சின்ன மகளின் ஞானஸ்நானச் சீட்டு வாங்க. கோயிலுக்குப் பின்னால் பூவரசமரத்தடியில் தலைமுடி கருகுகிற நாற்றம் வந்தது. பட்டு எரிந்தால் அப்படித்தான் நாறும். பீடத்து வேலை பார்க்கிற கோயில்பிள்ளை குந்தி உட்கார்ந்து, நைந்துபோன பூசை உடுப்புகளை ஒவ்வொன்றாகத் தீயில் போட்டுக்கொண்டிருந்தார். ஆசீர்வதித்த துணி கந்தலானால் வேறு எதற்கும் ஆகாது, சுட்டுச் சாம்பலைப் புதைக்க வேண்டும் என்பது நம் ஆட்கள் எல்லாரும் அறிந்ததுதான். அவர் அடுத்து எடுத்த துணியைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். சிவப்புப் பட்டில் சரிகையால் கோதுமைக் கதிரும் திராட்சைக் குலையும். அதே பட்டை இதற்கு முன் ஒரே ஓர் இடத்தில்தான் பார்த்ததாக நினைவு: நீங்கள் உங்கள் பேத்திக்குத் தைத்த ஒட்டுப்போர்வையின் நடுவில்.

அந்தப் போர்வையை நான் எப்படி மறப்பேன்? யுத்தகாலம். துணிக் கட்டுப்பாட்டில் ஒரு முழம் மல்லுத் துணிக்கும் பங்கீட்டுக் கடையில் நிற்க வேண்டியிருந்தது. நீங்களோ கடைப்பக்கமே போகவில்லை. அப்பாவின் கல்யாணக் கோட்டு, அண்ணனின் கிழிந்த கால்சட்டை, துறைமுகத்தில் கழித்துப்போட்ட கப்பல் கொடிகளின் மஞ்சளும் நீலமும் என்று ஒவ்வொன்றையும் தையல் பிரித்து, நூலைக்கூட வீணாக்காமல் சுற்றி வைத்தீர்கள். அடித்துணிக்குக் கடலுப்பு ஏறிய பழைய தோணிப்பாய். அந்தப் பாயை ஊறப்போட மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தீர்கள். குடிக்கவே நல்ல தண்ணீர் இல்லாத ஊரில் இது என்ன ஆடம்பரம் என்று கேட்டேன்.

"நம்ம கிணத்துத் தண்ணியில அலசினா உப்பு போவாது கொழுந்தனாரே. உப்பு தங்குன துணி மழைக்காலத்துல அழும்" என்றீர்கள்.

அது என்னைக் குத்திச் சொன்னதோ என்று பல நாள் யோசித்தேன். உங்கள் பேச்சு எப்போதும் அப்படித்தான். மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி. என் பழைய சட்டைகளை வாங்கிக்கொண்டு போய் எனக்கே தலையணை உறை தைத்து அனுப்பினீர்கள். எல்லாரும் மெச்சினார்கள். மீதித் துணி எங்கே போயிற்று என்று நான் ஒருவன்தான் யோசித்தேன்.

நமக்குள் இருந்த வழக்கு ஒன்றே ஒன்று, அம்மாவின் கூறைச்சேலை. சிவப்புப் பட்டு, கரையில் சரிகைக்கொடி. அம்மா பேதியில் போனபோது நான் கொழும்பில் வேலையில் இருந்தேன். தந்தி கிடைத்துத் தோணியேறி வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. தொற்றுக்குப் பயந்து பெட்டியை உடனே மூடிவிட்டார்களாம். அம்மாவைக் குளிப்பாட்டி உடுத்தியது நீங்கள் மட்டும். பிறகு என் மூத்தவளின் கல்யாணத்துக்கு அந்தச் சேலையைக் கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டே, முகத்தைக்கூட நிமிர்த்தாமல் சொன்னீர்கள்: "அது அத்தையோட போயிட்டு."

அண்ணனிடம் கேட்டேன். "அவ சொன்னா சரியாத்தாம்லே இருக்கும்" என்றான். அவன் எதைத்தான் பார்த்தான்? என் மகள் இரவல் சேலையில் கல்யாணப் பந்தலில் உட்கார்ந்தாள்.

அதற்கடுத்த வருஷம் உங்கள் பேத்தியின் ஞானஸ்நான விருந்து. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, பெரியவர்கள் உடுத்திய பழந்துணிதான் மேலுக்கு இதம் என்று அந்தப் போர்வையில் குழந்தையைக் கிடத்திப் பந்திக்கு நடுவே கொண்டுவந்தீர்கள். நடுவில் சிவப்புப் பட்டு பளபளத்தது. நான் இலையிலிருந்து எழுந்தேன்.

"அம்மாவோட போன சேலை எப்பம் திரும்பி வந்துச்சு மதினி? குழிக்குள்ள கதவு வச்சிருக்கா?"

அண்ணன், "ஏலே, சோத்துக்கு முன்னால என்ன பேச்சு பேசுத!" என்று கையை ஓங்கினான். அவனுடைய மாமியார், உங்கள் அம்மா, "படிச்சவரு சொல்லுதாரு, கேட்டுக்கிடுங்க. எங்க வம்சத்துல யாருக்கும் பட்டையும் பருத்தியையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாதுல்லா" என்று இழுத்தாள். நாலு பேர் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போர்வையை நாலாக மடித்தீர்கள், சிவப்பு உள்ளே போகும்படி.

"குழம்பு ஆறுது கொழுந்தனாரே, சாப்பிடுங்க" என்றீர்கள்.

அந்த மடிப்பே எனக்குச் சாட்சியாகப் போதுமானதாக இருந்தது. அன்றைக்குப் பின் உங்கள் வாசல் மிதிக்கவில்லை. அதோடு ஊரும் உங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கியது. மாமியார் சேலையைத் திருடியவள் என்று சந்தைக்கு வந்த பெண்கள் சொன்னது என் காதிலேயே விழுந்தது. உங்கள் காதில் விழாமலா இருந்திருக்கும்? உங்கள் அடக்கத்தன்று நான் கல்லறைத் தோட்டத்துக் கதவோரம் நின்றேன், மண் போடவில்லை.

நேற்று கோயில்பிள்ளையிடம் அந்தப் பட்டைக் காட்டிக் கேட்டேன். அவர் தீயைக் கிளறிக்கொண்டே மெல்லச் சிரித்தார்.

"இதுக்குச் சோடி ஒண்ணு இருந்துச்சு. யுத்த நேரத்துல அதைச் சுட எனக்கு மனசு வரல. ஒங்க மதினி, 'பச்சப்பிள்ளைக்குப் போர்த்தத்தான கேக்கேன், ஆண்டவரு கோவிச்சுக்கிட மாட்டாரு'ன்னாக. குடுத்துட்டேன். அவுக போயிட்டாக, நா இருக்கேன். பங்குச் சாமியாரு காதுல மட்டும் போட்டுறாதீங்கய்யா, எம் பொழப்பு போயிரும்."

ஆக, அது அம்மாவின் சேலை அல்ல. கதிரையும் திராட்சையையும் எந்த நெசவாளி கூறைச்சேலையில் நெய்வான்? விருந்து வீட்டில் அத்தனை பேர் இருந்தோம். அடிக்கடி பூசை காண்கிறவர்கள். சாமியாரின் முதுகில் வருஷக்கணக்காகப் பார்த்த துணியை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. பீடத்தில் கண்டதைப் பிள்ளைக்கு அடியில் காணும்போது மனம் அதை வேறு என்றே எடுத்துக்கொள்கிறது போலும்.

ஆனால் உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்தப் பந்தியிலேயே வாயடைத்திருப்பேன். கோயில் துணியைத் தொட்டவள் என்பதைவிடச் சேலைத் திருடி என்ற பெயரே மேல் என்று எண்ணினீர்களா? கோயில்பிள்ளையின் பிழைப்பைக் காத்தீர்களா? அல்லது, என்றைக்காவது எனக்கே தெரியவரட்டும், அன்றைக்கு இவன் கிடந்து புழுங்கட்டும் என்று விட்டுவைத்தீர்களா? மூன்றாவதுதான் உங்களுக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. இரவெல்லாம் யோசித்தும் முதல் இரண்டையும் தள்ள முடியவில்லை, அதுதான் எரிச்சல்.

சேலை விஷயத்தில் உங்களை நம்பிவிட்டேன் என்று எண்ண வேண்டாம். அம்மாவோடு போயிற்று என்பதற்கு இன்றைக்கும் உங்கள் வாய்ச்சொல் ஒன்றுதான் உண்டு. இல்லை என்பதற்கு என்னிடம் ஒரு சிவப்புத் துண்டு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. இருட்டில் மாடிப்படி முடிந்த பிறகும் காலை ஒரு படி கூடுதலாக வைத்துவிட்டவன் போல இருக்கிறேன்.

சாமியாரிடம் சொல்லலாம். சொன்னால் போர்வை தீக்குப் போகும். உங்கள் பேத்தி அதில்லாமல் தூங்க மாட்டாள் என்று என் மனைவி சொல்லிக் கேட்டிருக்கிறேன். கோயில்பிள்ளை தெருவில் நிற்பார். உங்கள் பெயர் இன்னொரு தடவை சந்தைக்குப் போகும். சொல்லப்போவதில்லை. இது நல்ல மனசினால் என்று யாரும் நினைக்கத் தேவையில்லை. அந்த ரகசியத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டீர்கள், சுமக்கிறேன், அவ்வளவே.

ஆனால் அண்ணனுக்குத் தெரிய வேண்டும். ஊரெல்லாம் பேசியபோது அவனும் உள்ளுக்குள் உங்களைச் சந்தேகித்திருப்பான். எனக்கு அவனைத் தெரியும். இந்த மடலை உங்கள் பெயருக்கே, அந்த வீட்டு விலாசத்துக்கே எழுதித் தபாலில் போடுகிறேன். செத்தவளுக்கு யார் எழுதினார்கள் என்று அவன் உடனே பிரிப்பான். எழுத்தைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிடும். தெரியட்டும். கீழே என் பெயரை மட்டும் போடப்போவதில்லை. போட்டால் அது மன்னிப்புக் கேட்டதாக ஆகிவிடும்.