பேட்டரியில் வைத்த ஆண் பிளக்

13.11.1984, செவ்வாய்

நான் ஈயம் உருக்கி, சோல்டரில் பிளக் வைத்துக் கொடுத்த பேட்டரி இன்று காலை பவர் ஸ்டேஷன் முற்றத்தில், அரசாங்க ஜீப்புக்குள் தீப்பிடித்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. எஞ்சினியர் ரணவீரவின் பை எரிந்தது, சீட் பாதி எரிந்தது.

தேயிலைப் பெட்டி ஏற்றுகிற லொறி ஆண்டியப்பன்தான் கடை வாசலில் நின்று சொன்னான்: "தீபாவளி முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன் மொதலாளி. எஞ்சினியர் ஐயா ஜீப்புல இன்னும் பொகையுது!" நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ரணவீர ஜப்பானுக்குப் படிக்கப் போனபோது ரேடியோ அலையில் தூரத்திலிருந்தே ஓட்டுகிற பொம்மைக் கார்கள் வாங்கி வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டாளிகளோடு குவார்ட்டர்ஸ் மைதானத்தில் ரேஸ் விடுவார். காரோடு வந்த வெள்ளை பிளாஸ்டிக் பிளக் சூட்டில் இளகுகிறது என்று ஐந்து பேட்டரிகளை என்னிடம் தந்தார், கார்களையும் தந்தார். பழைய ரேடியோக்களில் கழற்றிய பித்தளை பிளக்குகளை வைத்தேன். ஒரு கால் தடிப்பு, ஒரு கால் மெலிசு. மாற்றிக் குத்தவே முடியாது. அவ்வளவு யோசித்துச் செய்தேன். பின்னே ஏன் எரிந்தது?

ரேடியோ, பேட்டரி, வயர், தமிழன் கடை, அரசாங்க ஜீப். இதையெல்லாம் ஒரு பொலிஸ்காரர் ஒரே வரியில் எழுதினால்? போன வருஷம் ஜூலையில் என் கடையைக் கொளுத்தியவர்களுக்குக் காரணமே தேவைப்படவில்லை. இந்தத் தடவை காரணத்தை நானே செய்து கொடுத்திருக்கிறேன்.

14.11.84

பொலிஸ் ஜீப் இரண்டு தடவை மேலே போனது. இரண்டு தடவையும் கீழே எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்தேன்.

15.11.84, வியாழன்

சார்ஜன்ட் கடைக்கே வந்தார். டோர்ச் பல்ப் ஒன்று கேட்டார். சோல்டர் அயன் மேசையில் புகைந்துகொண்டிருந்தது.

"முதலாளி, இந்தச் சின்ன வயர் வேலையெல்லாம் நீங்கதான் செய்றதா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ரேடியோ மட்டும் சேர்." பொய்.

"நல்ல வாசம்," என்று மூக்கை உறிஞ்சினார். பல்புக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

வீட்டில் மனைவி பெற்றீசியாவிடம் சொன்னேன். "என்னங்க, கண்டிக்கு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. கடைய நான் பாத்துக்கிறேன்."

"ஓடுனா நான்தான் செஞ்சேன்னு எழுதிக் குடுத்த மாதிரி."

"சரி, இருந்தா?"

சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்து எழுந்தேன்.

18.11.84, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போகப் பெற்றீசியா என் சட்டையைத் தேய்க்க உட்கார்ந்தாள். அயன் பொக்ஸ் வயரை எடுத்துச் சுவரில் குத்தினாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கரண்ட் கொடுப்பது சுவர். சுவரில் இருப்பது பெண், வெறும் ஓட்டை. வாங்குகிற அயன் பொக்ஸில்தான் ஆண். நான் என்ன செய்தேன்? கொடுக்கிறவன் ஆண், வாங்குகிறவள் பெண் என்று நினைத்து ஆணைக் கொண்டுபோய் பேட்டரியில் வைத்தேன்! பித்தளைக் கால் இரண்டும் எந்நேரமும் கரண்டோடு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. பையில் சாவிக்கொத்து கிடந்திருக்கும். ரெண்டு காலையும் தொட்டிருக்கும். அவ்வளவுதான்.

தோட்டத்து லயத்தில் பிறந்தவன், பதினேழு வயது வரை சுவரில் ஒரு பிளக் ஓட்டை பார்த்ததில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சாக்கு. இருபது வருஷமாக ஊரான் வீட்டுக்கெல்லாம் வயர் இழுக்கிறவன் நான்.

மற்ற நாலு பேட்டரி? ரணவீர வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். சொன்னால் நான் செய்தது என்று என் வாயாலேயே ஆகிவிடும். சொல்லாமல் இருந்தால், அடுத்தது வீட்டுக்குள்ள எரிஞ்சா? ஐயோ, என்ன மனுசன்டா நீ.

சாமியார் பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று தெரியாது.

19.11.84, திங்கள்

நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸில் ரணவீர வீட்டுக்குப் போனேன். வழியில் செக் பண்ணினால் என்ன சொல்வது? அயனும் வயரும் எடுக்கவில்லை, வெறுங்கையோடு போனேன்.

நின்றபடியே சொன்னேன்: "சேர், தப்பு என்னோடது. பேட்டரியில பெண்ண வச்சிருக்கணும், ஆண வச்சிட்டேன். மத்த நாலும் எங்க இருக்கு?"

ரணவீர உள்ளே போனார். போன் எடுக்கிறாரோ? கதவையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தேன். நாலையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்தார்.

"டின்னா! சேர், ஆட்டாதீங்க!" கத்திவிட்டேன்.

டின்னை அப்படியே நீட்டினார். ஒவ்வொன்றாக நானே எடுத்து மேசைமேல் வைத்தேன். ஒன்றின் காலில் தகரம் உரசி ஏற்கெனவே கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது. அதை அவர் குனிந்து பார்த்தார்.

"சூசைரட்ணம் முதலாளி, யார் செஞ்சதுன்னு பொலிஸ் ரெண்டு தடவை கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க சேர்?"

"முதல்ல ஏன் எரிஞ்சதுன்னு தெரியட்டும்னு சொன்னேன். வெள்ளிக்கிழமை வாங்க."

நாலு நாள்.

23.11.84, வெள்ளி

போனேன். படம் போட்டு ரிப்போர்ட் எழுதி வைத்திருந்தார்: பிளக் மாறியது, சாவிக்கொத்து, விபத்து. "காரணம் தெரியாத தீன்னு எழுதியிருந்தா கொழும்பிலருந்து ஆள் வந்திருப்பாங்க," என்றார். "காரணத்த நீங்க கொண்டுவந்து குடுத்தீங்க." சார்ஜன்ட் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போனாராம். ரணவீர என்னை உட்காரச் சொன்னார்.

தேத்தண்ணீர் வந்தது. பிறகு பேசி முடித்தோம். நாலு பேட்டரியையும் காரையும் கூலியில்லாமல் மாற்றிக் கொடுப்பது. ஜீப் சீட் தைக்கிற செலவு என்னுடையது, இருநூற்று எண்பது ரூபாய். வேலையெல்லாம் அவர் வீட்டு மேசையில், அவர் அயனில்; இந்த வேலைக்கான ஒரு துண்டு வயர்கூடக் கடையில் வைக்கக் கூடாது. ரிப்போர்ட்டில் என் பெயர் இல்லை. ஆனால் யாராவது நேரில் கேட்டால் சொல்வார், பொய் சொல்ல மாட்டாராம். அதற்கும் சரி என்றேன். இனி அவரிடமிருந்து வருகிற பேட்டரி ஒன்றுக்குக் கூலி இருபத்தைந்து ரூபாய்.