சீழ் வைக்காத விரல்

ஆகஸ்ட் 6, புதன்

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, வெறும் புழுக்கம். ஆஸ்பத்திரிக்கு ரேடியேஷன் கரண்டு வைக்கப் போய் வைக்காமலே திரும்பினேன். ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்துவிட்டதாம். அது ஊறுவது இடுப்பெலும்புக்குள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு வைக்கும் கரண்டு அதையும் சேர்த்துச் சுட்டுவிடுகிறது. வைத்தால் அணு சாகும், நிறுத்தினால் கட்டி வளரும். நன்றாக மாட்டிக்கொண்டேன்.

டாக்டரம்மா சொன்னவை: தனி ரூம். வெந்தது மட்டும். கூட்டம் ஆகாது. காய்ச்சல் என்றால் உடனே ஓடி வரணும். திங்கள் மறுபடி ரத்தம் பார்ப்பார்கள். அணு ஏறியிருந்தால் கரண்டு.

ஆகஸ்ட் 7, வியாழன்

உள்ரூம். பவர் ஹவுஸ் சாம்பல் தூசி வருமென்று ஜன்னலும் சாத்தியாச்சு. நாத்தனார் செல்வி சோற்றை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். வீட்டுக்காரர் கதவுக்கு வெளியே நின்று, "இன்னாமே, கீறியா?" என்கிறார். வேறு எங்கே போவேன்?

பின்னால் பொம்பளைங்க இறால் உரிக்கும் பேச்சு. ஒருத்தி என்னைப் பாவம் என்றாள். எரிச்சல்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

செல்வி ரேஷன் கடைக்கு. அவர் கடலில். பின்பக்கம் இறால் கூடை. உட்கார்ந்தேவிட்டேன். அரைக் கூடை உரித்தேன். கை மறக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

கடைசியில் இறாலின் தலைக்கொம்பு கட்டைவிரலில் ஏறியது. கழுவி மஞ்சள் வைத்தேன். சொன்னால் தாழ்ப்பாளே போட்டுவிடுவார்கள். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விரல் ஜோர். சீழ் இல்லை, வீக்கம் இல்லை, சிவப்புகூட இல்லை. இறால் குத்தி சீழ் வைக்காவிட்டால் ரத்தம் சுத்தம் என்று கத்திவாக்கம் பூரா தெரியும். அணு ஏறியிருக்கும். நாளைக்குக் கரண்டு உண்டு!

தாங்காமல் செல்வியிடம் காட்டினேன். திட்டிவிட்டு, அப்புறம் அவளும் புரட்டிப் பார்த்தாள். "சீழு வெக்கவேயில்லயே அண்ணி. உன் ரத்தம் கெட்டி." அவளும் இந்த ஊர்க்காரிதானே.

சாயந்திரம் லேசாகக் குளிர். ஃபேனை நிறுத்தினேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆஸ்பத்திரி. வலது கையில் டிரிப்ஸ். இடது கை எழுத்து, கோணல்.

நேற்று டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கப் போகும்போதே உடம்பு கொதித்தது. டாக்டரம்மா விரலைப் பிடித்துப் பார்த்தார். சீழ்கூட வைக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

"சீழ்ங்கறதே கிருமியோட சண்டை போட்டு செத்துப்போன வெள்ளை அணுதாம்மா. உங்க விரலுக்குச் சண்டை போட யாருமே வரலை."

கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. ஊசி மேல் ஊசி. கரண்டு எப்போது என்று கேட்டேன். முதலில் இது அடங்கட்டும் என்றார். அதுவரை கட்டி சும்மா இருக்குமா என்றேன். டிரிப்ஸைச் சரிபார்த்துவிட்டுப் போனார். பயமாக இருக்கிறது.

செல்வி வராண்டாவில் அழுகிறாளாம். உள்ளே விட மாட்டார்கள்.

நர்ஸ் வரும்போதெல்லாம் விரலைத் திருப்பிப் பார்க்கிறாள். அவள் போனதும் நானும் அழுத்திப் பார்க்கிறேன். ஒரு சொட்டு சீழ் வந்தால் போதும்.